அது தீப்பொறி இல்லை, தாயி

உப்பூர்,
கார்த்திகை 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று தானே எழுந்து உலை வைத்தாள். நீ போனில் கேட்டபோது சாதாரண ஜுரம் என்றேன், அது பொய். ஏழாம் மாதத்தில் உன்னைக் கலங்கடிக்கக் கூடாது என்று அவள்தான் தடுத்தாள். ஆனால் தையில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கேதானே வரப்போகிறாய்? உனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மழை விட்ட நாலு நாளில் கருவை வெட்டப் போனோம். முழங்கால் உயரப் புல். அம்மா அதிலேயே உட்கார்ந்து சுள்ளி கட்டினாள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. ஊசி போட்டும் இறங்கவில்லை. ரத்தம் பார்த்ததில் டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்கியதும் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "காட்டுக்குள்ள போவீங்களா?" என்பதுதான். நர்ஸை விட்டு உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். இடுப்பில் சேலை இறுக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு, பீடியால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவப்பு.

அதை நான் நாலு நாள் முன்பே பார்த்திருந்தேன், தாயி. "கரிமூட்டத்துப் பொறி பட்டிருக்கும்" என்றாள் அம்மா, விட்டுவிட்டேன். முப்பது வருசமாகக் கரி சுடுகிறவனுக்குப் பொறி பட்டால் எரியும், கொப்புளிக்கும் என்று தெரியாதா? இது வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

உண்ணிக் காய்ச்சலாம், ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். நம் ஆட்டில் ஒட்டுகிற உண்ணி அல்ல இது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சியின் குஞ்சு, புதரிலும் எலி மேலும் இருக்கும். வளர்ந்த பூச்சி நம்மைக் கடிக்காது, குஞ்சுதான் கடிக்கும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுமாம். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, அதனால் அம்மாவின் பக்கத்தில் படுக்க நீ பயப்பட வேண்டாம். டாக்சிசைக்ளின் கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்களாம், உனக்காகவே கேட்டு வைத்தேன். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தான காய்ச்சல் என்பதால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதாம்.

வீட்டைச் சுற்றிக் கருவையையும் புல்லையும் வெட்டி எடுத்துவிட்டேன். எலி அண்டுகிற விறகுக் குவியலைக் கொல்லைக் கோடிக்கு மாற்றியாச்சு. துணியைப் புதர்மேல் காயப்போடாமல் இருக்கக் கொடி கட்டியிருக்கிறேன். நீ வந்தபின் புல்தரையில் உட்காராதே. காய்ச்சல் என்றால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், மார்புக்குக் கீழே எல்லாம் அம்மாவை விட்டுப் பார்க்கச் சொல். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வருமாம். அதனால் கருவைக்காட்டு ஊரில் இருக்கிறேன் என்பதை டாக்டரிடம் நீயே முதலில் சொல்லிவிடு.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு. புறப்படும் தேதி எழுது, அம்மா இப்போதே நெத்திலி காயவைக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்பா