பிந்திய பிறேக்

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் சுகம். நல்லூரான் அருளால் நீயும் சுகமாக இருப்பாய். பின்வளவுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, மோட்டர் காற்றைத்தான் இழுக்கிறது. சென்னை விமானம் பலாலிக்கு வரும் சத்தம் கேட்டால் அம்மா புட்டுப் பானையையும் விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுகிறாள், ஏதோ நீ ஓட்டி வருவது போல. நேரத்துக்குச் சாப்பிடு.

நாலு ஞாயிறாக நீ கதைக்கவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. வேலை கூட என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ரொறன்ரோ அத்தான் போன கிழமை எடுத்தான். விமானம் திருத்துகிறவன் காதில் விமானிகள் கதையெல்லாம் விழும்தானே. புதிதாகச் சேர்ந்தவர்களில் குறை கண்டால் கம்பனி என்ன செய்யும் என்று பொதுவாகத்தான் கேட்டேன். உடனே துரத்த மாட்டார்களாம். ஒருவரைப் பழக்கி எடுக்கக் கொட்டிய காசு கொஞ்சமா? பயணிகளோடு பறந்து பழகும் காலத்தில் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கப்டன் குறிப்பு எழுதுவார், அடுத்த கப்டன் அதை வாசித்துவிட்டு ஏறுவார். அதே பிழை திரும்பத் திரும்ப வந்தால் மேலதிகமாகச் சில ஓட்டம், இல்லாவிட்டால் மறுபடி சிமியுலேற்றர். வேறொரு கப்டனோடு போட்டும் பார்ப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் பெரியவர்கள் கூடியிருந்து முடிவெடுப்பது. அமெரிக்காவில் என்றால் முதல் வருசம் பெரும்பாலும் தகுதிகாண் காலமாம், அதற்குள் அனுப்பினால் சங்கத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதாம். இதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிறகு வாய் தவறிச் சொல்லிவிட்டான். பக்கக் காற்றில் இறக்கும்போது நீ மூக்கை நிமிர்த்தப் பிந்துகிறாயாம், மேலதிகப் பயிற்சி எழுதியிருக்கிறார்களாம். அவனோடு கோபிக்காதே. சீருடையோடு நீ நிற்கும் படத்தை வாசிகசாலையில் மாட்டியது நான்தான். அதுதான் உன் வாயைக் கட்டியதோ? ஆனாலும் அத்தானுக்குச் சொன்னதை அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

2009 இல் பஃபலோவில் விழுந்த விமானத்தைப் பற்றிப் படித்திருப்பாய். வேகம் குறைந்து தடுமாறியபோது கப்டன் ஓட்டும் பிடியை முன்னே தள்ளாமல் பின்னே இழுத்தார். 50 பேர் போனார்கள். முன்பு சோதனைகளில் தவறியதை அவர் விண்ணப்பத்தில் முழுக்க எழுதவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நான் இதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேறு காரணம் உண்டு.

2003 இல் டிப்போவில் புதுச் சாரதிகளைப் பழக்கும் வேலை என்னிடம் இருந்தது. ஒரு பொடியன், சிநேகிதனின் மகன். நல்ல கை. பிறேக் மட்டும் பிந்தும், முடக்குக்குள் நுழைந்த பிறகுதான் கால் போகும். மூன்று நாளும் பக்கத்தில் இருந்த என் கால் வெறுந்தகட்டை மிதித்தது. இன்னும் பத்து நாள் பழகட்டும் என்று எழுத வேண்டிய தாளில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதற்கு முதல்நாள்தான் தகப்பன் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர். ஒன்றரை மாதத்தில் வல்லைவெளியில் பஸ் மதகில் ஏறியது. நம் வீட்டுக்கு மாதாமாதம் வருவாரே, ஊன்றுகோல் அண்ணை, சின்னதில் நீ அவரை உறவு என்று நினைத்தாயே, அவர் அன்றைக்கு முன்சீட்டில் இருந்தவர். கையெழுத்து யாருடையது என்று அவர் இதுவரை கேட்டதில்லை. அம்மாவுக்கும் நான் முழுக்கச் சொல்லவில்லை.

உன் கப்டனைத் திட்டாதே. எழுத அவருக்கும் கை கூசியிருக்கும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்காமல் அவரிடமே போய்க் கேள். கடைசி நேரத்தில் கண்ணை ஓடுபாதையின் தொங்கலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அத்தான் சொல்கிறான், எனக்கென்ன தெரியும். சாப்பிடு. படுக்கிற நேரத்துக்குப் படு. ஒடியல் மா அனுப்பியிருக்கிறோம்.

நேற்றும் அண்ணை வந்தவர். “பிள்ளை பிளேன் ஓட்டத் தொடங்கிட்டாளோ?” என்று கேட்டார்.

பழகுகிறாள் என்றேன்.

அப்பா