நேரம் முடிந்த பிறகு பஃபர் யாருடையது?

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் பள்ளியில் சேர்ந்த செய்தியைச் சொன்னதும் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம்.

போன மாதம் ஆபீஸில் ஒரு வி.எம். (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) உறைந்துபோனது. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் 'ஐபி லிங்க்' கட்டளையை அடித்தால்கூடப் பதில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் பிடிபட்டது. விர்ட்டியோ நெட் (வி.எம்.-இன் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) டிரைவர், கட்டளைகளுக்கான வரிசையான கண்ட்ரோல் க்யூவில் ஒன்றைப் போட்டுவிட்டு, லினக்ஸில் நெட்வொர்க் அமைப்பைக் காக்கும் பூட்டான ஆர்டிஎன்எல் லாக்கைப் பிடித்தபடியே பதில் வந்ததா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. வி.எம்.-ஐ ஓட்டும் நிஜக் கணினியான ஹோஸ்டில், பதில் தர வேண்டிய புராசஸ் தொங்கிவிட்டது. லாக் விடுபடாததால் நெட்வொர்க் அமைப்பைத் தொட்ட எல்லாமே பின்னால் வரிசையில் நின்றன.

ஒரு டைம்அவுட் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. நேரம் முடிந்ததும், பதில் வந்து விழ ஒதுக்கிய நினைவக இடமான பஃபரை டிரைவர் விடுவித்துவிடும். அதன் முகவரியோ இன்னும் டிவைஸிடமே, அதாவது ஹோஸ்ட் நடத்தும் அந்த மெய்நிகர் கார்டிடமே இருக்கிறது. அது தாமதமாக விழித்து எழுதினால், அங்கே அதற்குள் வேறு யாருடைய டேட்டாவோ இருக்கும். நம் தெருவில் தண்ணி லாரிக்குக் குடம் வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? லாரி வரவில்லை என்று குடத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அரிசி மூட்டையை இறக்கினால் என்ன ஆகும்?

அதனால் டிவைஸ் இனி எழுதாது என்று உறுதியான பிறகே நினைவகத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். லினக்ஸின் என்விஎம்இ (எஸ்எஸ்டி வட்டுகளுக்கான) டிரைவர் இயல்பாக 30 விநாடி பொறுக்கும், அப்புறம் கட்டளையை ரத்து செய்யச் சொல்லும், அதுவும் பலிக்காவிட்டால் கண்ட்ரோலரையே ரீசெட் செய்யும். எனக்குப் பிடித்த ஒழுங்கு அது. பிசிஐ கார்டாகத் தெரியும் விர்ட்டியோ டிவைஸில் ரீசெட் என்பது அதன் ஸ்டேட்டஸ் பதிவேட்டில் 0 எழுதி, திரும்பப் படித்தால் 0 வரும்வரை காத்திருப்பது. அந்த 0-வைச் சொல்ல வேண்டியதும் அதே ஹோஸ்ட்தான்! அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

வி.எம்.-இன் நினைவகத்தை ஹோஸ்டிடமிருந்தே காக்கும் இன்டெலின் டிடிஎக்ஸ், ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி வந்த பிறகு ஹோஸ்டை நம்பாமலே ஓட வேண்டிய வி.எம்.கள் பெருகிவிட்டன. அங்கே ஹோஸ்ட் தொடக்கூடியது பகிர்ந்த பஃபரை மட்டும். ஆனாலும் 'இத்தனை பைட் எழுதினேன்' என்று அது தரும் எண்ணை அப்படியே நம்பி காப்பி செய்தால், எல்லை தாண்டிப் போய்விடும். என் டிரைவரில் இப்போது அந்த நீளத்தை நாங்கள் கொடுத்த அளவோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுகிறேன்.

ரீசெட்டுக்கே பதில் வராவிட்டால் பஃபர் இருக்கும் நினைவகப் பக்கங்களை விடுவிக்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நினைவகம் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. நீ என்ன செய்வாய், எழுது. மீன்பிடித் தடை ஜூன் 14-இல் முடிகிறது. அதற்கப்புறம் வந்தால் காலையிலேயே காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வரலாம்.

அன்புடன்,
ரவி