பயிற்சி முடித்த கிராமப்புற இளைஞர்களுக்கு அடமானம் கேட்காமல் தொழில் கடன் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மோட்டார் ரீவைண்டிங் பயிற்சி முடித்த இளைஞர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்த கடன் வங்கியில் நிலுவையில் உள்ளது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நாங்கள் அளித்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நாங்கள் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் ரீவைண்டிங் (எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச் சுருள் கட்டுதல்), பம்ப்செட் பழுதுபார்ப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். எங்கள் ஒன்றியம் தாங்கள் நேரில் பார்த்த பகுதிதான். ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வெள்ளாமை. மோட்டார் எரிந்துபோனால் குழாயோடு மேலே ஏற்றி, வண்டி பிடித்து டவுனுக்குக் கொண்டுபோய், முறைக்காகக் காத்திருந்து காயில் கட்டி வாங்கி வருவதற்குள் பயிர் வாடிவிடுகிறது. அந்த வேலையை ஊரிலேயே செய்யலாம் என்றுதான் பயிற்சிக்குப் போனோம்.

பயிற்சியில் ஒரு குறையும் சொல்ல மாட்டோம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, கம்பியின் கேஜ் (தடிமன்) பார்த்து, ஸ்லாட்டில் தாள் வைத்துக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, மின்கசிவு பார்க்கும் மெகர் கருவி வைத்துச் சோதிப்பது வரை கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அய்யா எங்கள் கஷ்டம்.

1. மேற்படி திட்டத்தில் கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 25 சதவீதமும், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம் வரும். எங்கள் விண்ணப்பங்கள் பரிந்துரையாகி வங்கிக் கிளைக்குப் போய்விட்டன. அங்கேயே கிடக்கின்றன.

2. கிளையில் அடமானமாகச் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாங்கள் கேட்டிருப்பது அதற்கும் குறைவு. நிலம் இருந்தால் நாங்கள் ஏன் அய்யா கடனுக்கு நிற்கிறோம்? "அடமானம் இல்லாததால் தர முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், அதையும் எழுதித் தருவதில்லை.

3. எங்களை மிகவும் வாட்டுவது கடை வாடகை. தொழில் நடக்கப்போகும் இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் காட்டினால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்று அதே கிளையில் சொன்னார்கள். நம்பி, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஆளுக்கொரு கடை பிடித்தோம். எங்களில் ஒருவருடைய அம்மா காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தார். அன்று முதல் மாதம் தவறாமல் வாடகை போகிறது. உள்ளே ஒரு வைண்டிங் மிஷின் கிடையாது. போர்டு எழுதி மாட்டியிருக்கிறோம், ஷட்டர் இறங்கியே இருக்கிறது. விவசாயிகள் எரிந்த மோட்டாரோடு வந்து ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். "எப்பத்தான்பா திறப்பீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? வாடகை கட்டுவதற்காகவே செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் கூலிக்குப் போகிறோம். திறக்காத கடைக்கு வாடகை கட்டுவதற்கா அய்யா தொழில் கற்றுக்கொண்டோம்?

4. மிஷினுக்கு வாங்கிய கொட்டேஷன் காலாவதியாகிவிட்டது. புதிதாக வாங்கி வரச் சொல்கிறார்கள். விலை ஏறிவிட்டது.

5. 25 லட்சம் ரூபாய் வரையிலான இத்தகைய கடன்களுக்கு 14 வேலை நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு இன்றுவரை ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தங்களிடம் கொடுத்த மனுக்களுக்கோ "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில்தான். அந்த அலுவலர் அதே வங்கிக்கு அனுப்புகிறார். யார் மீது குறை சொன்னோமோ அவர்களிடமே மனு போனால் எப்படி அய்யா தீரும்? கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். போக்கிடம் இல்லாமல்தான் எழுதுகிறோம்.

பயிற்சி முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை கூடவே இருந்து வழிகாட்ட வேண்டும் என்பதும் இந்தப் பயிற்சித் திட்டத்திலேயே உள்ளது. எனவே மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர், கிளை மேலாளர், பயிற்சி நிறுவன இயக்குநர் ஆகியோரையும் எங்களையும் ஒரே நாளில் அழைத்து, தங்கள் முன்னிலையில் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கடன் தருவதானால் அடமானம் இல்லாமல் உடனே தரட்டும். தர முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அடுத்த வாடகையாவது மிஞ்சும், கடையைக் காலி செய்கிறோம். இனி விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடமாவது, கடன் அனுமதியாகும் முன் வாடகை ஒப்பந்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.

இந்த மனுவையும் அதே கிளைக்கு அனுப்பிவிடாமல், தாங்களே நேரில் விசாரிக்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இணைப்பு: பயிற்சிச் சான்றிதழ், விண்ணப்ப ஒப்புகை, வாடகை ஒப்பந்தம், முந்தைய மனு ரசீதுகள் – நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சி முடித்த இளைஞர்கள்
(கையொப்பங்கள்)