பத்துக்கு ஆறு

செங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான்கு நாளாய்ச் சாரல் விடவில்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் முடை நாற்றம். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறாயா? பெங்களூர் குளிரைச் சாக்காகச் சொல்லாதே.

உன் புத்தகம் வந்தது. அம்மா இரண்டே நாளில் முடித்துவிட்டாள். நான் இரண்டு தடவை படித்தேன். நூலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன், "சார் மகளா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு டீ கூடுதலாக வாங்கிக் கொடுத்தேன்.

உன் கதையில், பகவதிபுரம் தாண்டி வரும் குகைக்குள் ரயில் நுழைந்தால் மறுபக்கம் ஆரியங்காவு இல்லை, வேறு நாடு. நல்ல யோசனைதான். ஆனால் கதை நடப்பது 2014. 1904-இல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் மூடி, அகலப் பாதையாக்கி 2018-இல்தானே திறந்தார்கள்? அந்தப் பெண் எந்த வண்டியில் ஏறினாள்? சரி, மாய வண்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆச்சி அச்சு அசல். திண்ணையை விட்டு இறங்காமலே, செங்கோட்டையோடு சேர்ந்து 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு மதராஸ் மாநிலத்துக்கு வந்தவள். நம் வீட்டில் நிஜமாகவே நாடு மாறியவள் அவள் ஒருத்திதான். கதையில் அம்மா இருக்கிறாள், சித்தி இருக்கிறாள், பேசுகிற சிங்கவால் குரங்குக்குக்கூட ஒரு மாமனார் இருக்கிறார்.

நீ அலமாரியில் விட்டுப்போன உர்சுலா லெ குவின் புத்தகத்தையும் அகராதி வைத்துப் படித்தேன், 1968-இல் வந்ததாமே, அந்த மந்திரவாதிப் பையன் கதை. துரத்துகிற நிழலைத் திரும்பிப் பார்த்துத் தன் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறானே, அங்கே மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஓர் அப்பா உண்டு. அதிகம் பேசாத கொல்லன், ஆனாலும் உண்டு. சும்மா, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

எண்ணெய் வைக்க மறக்காதே. ராத்திரி இரண்டு மணி வரை எழுதாதே. போனில் "அப்பா மாத்திரை போட்டாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். போட்டேன்.

ஏழாவது படிக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டை என்னிடம் நீட்டினாய். முதல் பக்கத்தில் வரைபடம், கிழக்கே இருந்து மலையேறுகிற ஆறு. அந்த நாட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று வீட்டில் வைத்தது, இன்னொன்று தானே தேடிக் கண்டுபிடிப்பது. அப்போது பரீட்சைத் தாள் கட்டு என் மடியில் இருந்தது. உன் நோட்டையும் அதோடு சேர்த்துத் திருத்தினேன். 'முயற்ச்சி'யில் ஒற்றை அடித்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு வட்டம் போட்டேன், கடைசியில் பத்துக்கு ஆறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த நோட்டுக் கதையில் வருகிற பெண்ணின் இரண்டாவது பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. நீ நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். அதற்கப்புறம் ஒன்றும் காட்டவில்லை. ஆறு மார்க் போதாதென்று கோபம் என்று இத்தனை வருஷம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாகம் எழுதுகிறாயாம், அம்மா சொன்னாள். அந்தக் குகை வாசலில் விளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. வசனம் எதுவும் வேண்டாம்.

புத்தகத்தில் 'முயற்சி' எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது. பார்த்தேன்.

அப்பா