தடைக்காலத்தில் ஆள் சேர்க்காதீர்கள்

மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு மருந்து ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பகுதி மக்களுக்கு மனநலச் சிகிச்சை தரும் மருத்துவர்களும் செவிலியர்களும் எழுதுகிறோம். புது மருந்துகள் கட்டாயம் வேண்டும். மனச்சோர்வுக்கு முதலில் தரும் மாத்திரையில் முழுதாகத் தேறுபவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஆனால் உங்கள் மேசைக்கு வரும் ஆய்வுத் திட்டங்களில் கடல்தொழிலின் காலண்டரே இல்லை.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மனச்சோர்வு ஆய்வுகள் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். 8 வார ஆய்வில் ஏப்ரல் கடைசியில் ஒருவரைச் சேர்த்தால், வருமானம் நின்று வட்டிக்குக் கடன் வாங்கும் நாளில் முதல் மதிப்பெண் (நோய் கூடினால் இந்த எண்ணும் கூடும்). படகு கடலுக்குப் போனபின் கடைசி மதிப்பெண். மருந்து போட்டவருக்கும் பிளாசிபோ எனும் வெற்று மாத்திரை போட்டவருக்கும் சேர்ந்தே மதிப்பெண் இறங்கும். 'குலுக்கல் முறையில்தானே பிரித்தோம், இரு பக்கமும் சமம்' என்பார்கள் ஆய்வாளர்கள். சமம்தான். ஆனால் பிளாசிபோ பக்கம் இறக்கம் கூடக்கூட மருந்தின் சொந்தப் பலன் அதில் அமுங்கிவிடும். நல்ல மருந்தும் தோற்றதாக முடிவு வரும். மீனவக் குடும்பங்களில் கடைசி ஆளைப் பிப்ரவரி 15க்குள் சேர்த்தால், 8 வாரம் ஏப்ரல் 12க்குள் முடிந்துவிடும்.

மனச்சோர்வின் கடுமைக்கு மதிப்பெண் போடும் ஹாமில்டன் அளவுகோலின் 17 கேள்விகளில் மூன்று தூக்கத்தைப் பற்றியவை. மொத்தம் 6 மதிப்பெண். அதிகாலை 2 மணிக்கே எழுந்து தொழிலுக்குப் போகிறவருக்கு 'விடியுமுன் விழிப்பு' என்று 2 போடுவது நோயை அளப்பதல்ல, வேலை நேரத்தை அளப்பது. கரையில் இருக்கும் நாளில் எப்படித் தூங்குகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆய்வில் சேர வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் என்ன என்பதும் மதிப்பிடுபவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மதிப்பெண் தானாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

இருதுருவக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மருந்தோடு ஒப்பிடும் ஆய்வென்றால் இன்னும் கவனம் வேண்டும். ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை (ஒரு லிட்டருக்கு மில்லிமோல்) பாதுகாப்பான அளவு, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. மே மாத வெயிலில் மூட்டை தூக்கி வியர்த்து, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறவருக்கு அளவு சட்டென ஏறும். சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைப்பதே காரணம். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் கண்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். தள்ளாட்டத்தைக் குடி என்று வீட்டார் நினைத்துவிடுவதும் உண்டு. வழக்கமான சோதனைக்கு இரவு 9 மணி மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன் ரத்தம். ரத்தம் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் சேர்த்த பச்சை மூடிக் குழாய் கூடாது; அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

மயக்க மருந்தான கெட்டமினை மனச்சோர்வுக்குத் தரும் ஆய்வுகளில் (உடல் எடை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடம் சொட்டாக) உப்புநீரை ஒப்பீடாக ஏற்காதீர்கள். தலை மிதப்பதை வைத்தே யாருக்கு எது போனது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்; தூக்கக் கலக்கம் தரும் மிடசோலம் மருந்தை ஒப்பீடாக வைத்தால் ஓரளவு மறைக்கும். ஊசி போட்ட அன்று மீன்பாடி வண்டி ஓட்டக்கூடாது என்றால், அன்றைய கூலியை யார் தருவது என்பதும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஆய்வு முடிந்தபின் பலன் கண்டவருக்கு மருந்தை இலவசமாகத் தொடர, புது மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் நிபந்தனைகளோடு இடமுண்டு. அதற்கான விண்ணப்பத்தை யார், எந்த வாரத்தில் உங்களிடம் கொண்டுவருவார் என்பதை எழுதாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
வடசென்னை மனநல மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்