நமது ஈமச்சடங்கு உதவிச் சங்கம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த ஆண்டில் நம்மைப் பிரிந்த உறுப்பினர்களின் பெயர்கள் வாசலில் உள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அச்சிட்ட பிரதிகள் மேசையில் இருக்கின்றன. நான் அந்த எண்களுக்குள் போகாமல், ஆண்டு முழுவதும் செயற்குழுவை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். சங்கத்தை ஒரு தொழிலைப்போல் நடத்தலாமா என்பதே அது.

மில் தொழிலாளர்கள் சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொடங்கிய சங்கம் இது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் பாடை கட்ட மூங்கிலும், நாலு தோளும், கைச்செலவுக்குக் காசும் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம். இன்று மூங்கில் போய் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. தோள் போய் வண்டி வந்துவிட்டது. நகரத்தில் தனியார் நிறுவனங்கள் ஒரே தொலைபேசி அழைப்பில் எல்லாவற்றையும் செய்துதருகின்றன. நம் இளைஞர்கள் சிலர், நாமும் ‘பேக்கேஜ்’ போடலாம் என்றார்கள். பெரியவர்கள் சிலர், சாவில் லாபம் பார்ப்பதா என்று கோபித்துக்கொண்டார்கள். இரு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

பணம் எங்கே போகிறது என்று முதலில் பார்த்தோம். மின்மயானத்தில் மாநகராட்சி வாங்குவது சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒரு சாவு வீட்டின் செலவு அதைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது. உயிர் போன நேரத்துக்கும் மயானத்துக்குப் புறப்படும் நேரத்துக்கும் இடையில்தான் அத்தனையும் கரைகிறது: ஐஸ் பெட்டி, சவ வண்டி, ஷாமியானா, நாற்காலி, மாலை, வண்டிக்குப் பூ அலங்காரம், மேளம், தண்ணீர் கேன், காபி, சடங்கு செய்பவருக்குத் தட்சிணை. ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்கிறார்கள். கோடித்துணி வாங்கப் போன மைத்துனரோ, மயங்கிக் கிடக்கும் மகனோ அந்த நேரத்தில் பேரம் பேசமாட்டார்கள். விற்பவருக்கும் அது தெரியும்.

முதல் அழைப்பு யாருக்குப் போகிறதோ, அவருக்கே முழு வேலையும் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலின் இன்னொரு உண்மை. ஆகவே அந்த அழைப்புக்காகவே பணம் கைமாறுகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் நம் உறுப்பினர் ஒருவர் இறந்தபோது, மகளுக்குச் செய்தி சொல்லப்படும் முன்பே வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கமிஷன் கொடுத்தால் அந்த அழைப்புகள் நமக்கும் வரும். கொடுப்பதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்தது. இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின, அதை மறைக்கவில்லை. அதற்குப் பதிலாக, சங்கத்தின் எண் அச்சிட்ட அட்டையை ரேஷன் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை, கோயில், தேவாலயம் எல்லாவற்றிலும் கொடுத்தோம். பூக்கட்டும் பெண்கள் வழியாக வந்த அழைப்புகளே அதிகம் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று மாலை வாங்க வருபவர்களிடமிருந்து அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

அடுத்தது, அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்கும் விலைப்பலகை. இந்த ஆண்டின் உருப்படியான காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் ஈமச்சடங்கு நிலையங்கள் பொருள்வாரியாக விலைப்பட்டியல் தரவேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும் என்ற விதி 1984 முதல் நடப்பில் இருக்கிறது. சவப்பெட்டியை வெளியில் வாங்கி வந்தாலும் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது அங்குள்ள நிலை. பிரிட்டனிலும் 2021 முதல் விலையை வெளிப்படையாக வைப்பது கட்டாயமாகிவிட்டது. பெரிய லாபம் பார்க்கும் தொழில் உள்ள நாடுகளிலேயே சட்டம் போட்டுத்தான் இதைச் செய்யவேண்டியிருந்தது என்றால், நாம் சும்மா இருப்பது சரியல்ல. ‘பேக்கேஜ்’ வேண்டாம் என்று நான் வாதிட்டதன் காரணமும் இதுதான்: மொத்தமாக ஒரு விலை சொன்னால், எதற்கு எவ்வளவு என்பது மறைந்துபோகும், மேளம் வேண்டாம் என்பவர் மேளத்துக்கும் காசு கட்டுவார். நம் பலகையில் ஒவ்வொரு வரியும் தனி. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ரசீது கண்டிப்பாகத் தரப்படும்.

பலகைக்கு எதிர்ப்பு வந்தது. பூ அலங்காரம் செய்பவர்கள் ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. முகூர்த்த நாளில் பூ விலை ஏறும்போது ஒரே விலையில் எப்படிச் செய்வது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பூவுக்கு மட்டும் அன்றைய சந்தை விலை, கூலிக்கு நிரந்தர விலை என்று பிரித்து எழுதியபின் சமாதானம் ஆயிற்று.

வரி பற்றி ஒரு செய்தி. ஒரு குடும்பத்துக்கு வந்த தனியார் பில்லில், சவ வண்டிக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ஈமச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவரைக் கொண்டுசெல்லும் வண்டி ஆகியவை வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. எடுத்துக்காட்டியதும் அந்தத் தொகையை நீக்கினார்கள். காரியத்துக்கு எடுக்கும் மண்டப வாடகையும் சாப்பாட்டுப் பந்தியும் வேறு கணக்கு. அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி வண்டி. வண்டி வைத்திருப்பதில் உள்ள கஷ்டம், அது பல நாட்கள் சும்மா நிற்கும். ஒரே நாளில் மூன்று அழைப்பு வரும். சும்மா நின்றாலும் ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, பழுது எதுவும் நிற்பதில்லை. இந்தத் தொழிலில் விளம்பரம் செய்து வேலையைப் பெருக்கவும் முடியாது, பெருக்க யாரும் விரும்பவும் கூடாது. ஆகவே செலவைப் பகிர்ந்துகொள்வதுதான் வழி. ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1962இல் தொடங்கிய சர்வீஸ் கார்ப்பரேஷன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம், வட அமெரிக்காவிலேயே பெரியதாக வளர்ந்ததற்கு ஒரு காரணம் இதே உத்திதான்: ஒரே நகரத்தில் பல நிலையங்களை வாங்கி, வண்டிகளையும் ஆட்களையும் அவற்றுக்குள் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அதைப் பங்குதாரர்களுக்காகச் செய்தார்கள். ஓக்களிபுரம், மாகடி ரோடு, அல்சூர் பக்கம் உள்ள நம்மைப்போன்ற சங்கங்களோடு சேர்ந்து நாமும் அதைச் செய்யலாம். ஒரே கட்டணம், ஒரே பதிவேடு, யாருடைய வண்டி அருகில் இருக்கிறதோ அது போகும். மாலை நேரத்தில் இங்கிருந்து கல்பள்ளி மயானத்துக்கு வண்டி அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பேச்சுவார்த்தை முடியும் நிலையில் இருக்கிறது; இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோகும் பயணங்கள் குறைந்துவருகின்றன. முன்பெல்லாம் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் தருமபுரிக்கும் இரவோடு இரவாகப் புறப்படுவார்கள். இப்போது ஊரில் வீடு இல்லை, நிலம் இல்லை, பிள்ளைகளுக்கு ஊர் வழியே தெரியாது. ஹரிச்சந்திர காட் மயானத்திலோ வில்சன் கார்டன் மயானத்திலோ இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் பதினாறாம் நாள் காரியத்துக்கு இங்கே இடம் வேண்டும். ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் வேண்டும். ஊருக்குப் போகும் நீண்ட பயணத்துக்கென்று இன்னொரு வண்டி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, அந்தப் பணத்தைக் கூடத்துக்கு மேற்கூரை போடச் செலவிடலாம் என்று பரிந்துரைக்கிறேன்.

முன்பணத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். இன்றே ஒரு தொகை கட்டிவிட்டால், என்றைக்கு இறந்தாலும் சங்கமே எல்லாவற்றையும் செய்யவேண்டும் என்பது யோசனை. மேல்நாட்டில் இது பெரிய வியாபாரம். ஆனால் பிரிட்டனில் 2022 மார்ச்சில் இப்படிப் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் நொடித்துப்போய், ஏறக்குறைய 46,000 பேர் கட்டிய பணம் கேள்விக்குறியானது. அதே ஆண்டு ஜூலை முதல்தான் அங்கே இத்தகைய திட்டங்கள் நிதிக் கண்காணிப்பின் கீழ் வந்தன. இங்கே, திருப்பித் தருவதாகவோ பிற்காலத்தில் சேவை தருவதாகவோ சொல்லிப் பொதுமக்களிடம் பணம் வாங்கினால், 2019ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் குறுக்கே வரக்கூடும் என்று நம் தணிக்கையாளர் எச்சரித்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்து ஐஸ் பெட்டி வாடகை எவ்வளவு இருக்கும் என்று இன்றே வாக்குக் கொடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆண்டுச் சந்தா தொடரும். நன்கொடைகள் வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். வட்டியை மட்டும் செலவு செய்வோம்.

இறப்புச் சான்றிதழுக்காக அலைந்த குடும்பங்களின் கதை இந்த ஆண்டும் தொடர்ந்தது. 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் சிக்கல் இல்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதியும் சுயசான்றொப்பமிட்ட ஆவணமும். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் வரை போகவேண்டும். நம்மவர்களின் தொல்லை பெரும்பாலும் இனிஷியலில் வருகிறது. ஆதாரில் தந்தை பெயர் பின்னால், வங்கியில் இனிஷியல் முன்னால், மருத்துவமனைப் படிவத்தில் இனிஷியலே கிடையாது. பிறகு விதவை மனைவி ஓய்வூதியத்துக்கு நடையாய் நடக்கிறார். வீட்டில் நிகழும் இறப்பாக இருந்தாலும், மருத்துவரின் காரணச் சான்று எழுதப்படும்போதே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள். நம் தொண்டர் ஒருவர் இதற்கென்றே உடன் வருவார். இன்னொன்று: 2025 செப்டம்பர் 2 முதல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், எந்த மயானம் எதன்கீழ், எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை விலைப்பலகையின் கீழ்ப்பகுதியில் எழுதி வைத்திருக்கிறோம்.

கிறிஸ்தவ உறுப்பினர்களுக்குக் கல்லறை இடமே பிரச்சினை. ஓசூர் ரோடு போன்ற பழைய கல்லறைத் தோட்டங்களில் புது இடம் கிடைப்பது அரிது. குடும்பக் கல்லறையைத் திறந்து அதிலேயே அடக்கம் செய்கிறார்கள். குடும்பக் கல்லறை இல்லாதவர்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். கல்லறை வாங்கும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, வட்டியில் புல் வெட்டி மதில் பார்க்கும் முறை அமெரிக்கக் கல்லறைகளில் உண்டு. நம் தேவாலயக் குழுக்கள் இதை யோசிக்கலாம் என்று கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

மயானத் தொழிலாளர்களுக்கு 2022இல் கர்நாடக அரசு ‘சத்ய ஹரிச்சந்திர பளகா’ (கன்னடத்தில் பளகா என்றால் குழு) என்று பெயர் சூட்டியது. பெயர் கௌரவமானதுதான். நம் தரப்பில், இவர்களுக்குக் கொடுப்பதைக் கையில் திணித்துவிட்டு ஒதுங்காமல், விலைப்பலகையில் ஒரு வரியாகவே எழுதியிருக்கிறோம். கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தோம்.

கண்தானம் செய்ய விரும்புவோர் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். ஐஸ் பெட்டி கொண்டுவரும் நம் ஆட்களுக்கு இது சொல்லித்தரப்பட்டிருக்கிறது. குடும்பத்திடம் ஒருமுறை கேட்பார்கள், மறுமுறை வற்புறுத்தமாட்டார்கள்.

அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினிக்கு இருசக்கர வண்டியில் போகும் பிள்ளைகளுக்கு: மைசூரு விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டு முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, பக்கச் சாலையில்தான் போகவேண்டும். கலயத்தோடு நின்று போலீசிடம் வாதாட வேண்டாம்.

மூன்று தீர்மானங்கள் உங்கள் முன் இருக்கின்றன. ஒன்று, வண்டிப் பகிர்வு ஒப்பந்தம். இரண்டு, கூடத்துக்கு மேற்கூரை. மூன்று, விலைப்பலகையை ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் மட்டுமே மாற்றலாம் என்ற விதி. மூன்றாவதை எதிர்ப்பவர்கள் செயற்குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களும் பேசட்டும், பிறகு கை தூக்குங்கள்.

இரவு நேரத் தொலைபேசிப் பொறுப்புக்குப் பொங்கல் வாரத்தில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் மேசையில், பேனாவோடு, இருக்கிறது.

இவண்,
செயலாளர்