டாப் ஸ்டேஷனில் ரயில் நின்ற காலம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேரன் கேட்டானே, “டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே தாத்தா?” என்று. நான் வாய் திறப்பதற்குள் “அது வெறும் பெயர்தான் கண்ணா” என்று நீ சொல்லிவிட்டாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அது வெறும் பெயர் இல்லையம்மா.

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக, மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற அந்த இடம் வரை ரயில் பாதை இருந்தது. 1902-இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாரம் தாங்கும் சக்கரம் அதன்மேல் உருளும். வண்டி சாயாமலிருக்க இன்னொரு சக்கரம் பக்கத்தில் மண்ணில் ஓடும். இழுத்தவை மாடுகள்! 1908-இல் அதை மாற்றி, இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள்.

ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். இறங்கிய இடம் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து நம் போடிக்கு, பிறகு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, அப்புறம் கப்பலில் சீமைக்கு. சீமையில் அந்தத் தேநீரைக் குடித்தவர்களுக்கு, இங்கே அட்டைக்கடியில் கொழுந்து கிள்ளிய நம் சனங்களைத் தெரியுமா? குரங்கணியிலிருந்து மலையேறுகிறவர்கள் இன்றும் நடுவழியில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள். பெயர்கள் மட்டும் மலையை விட்டு இறங்கவே இல்லை.

1924 ஜூலையில் பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்துக்காரர்கள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள். அதில் ரயில் பாதை அழிந்தது. மறுபடி போடவே இல்லை. நம் போடிக்கு ரயில் வந்தது 1928-இல். நான்கே வருடம்! மேலே ஓடிய ரயிலும் கீழே வந்த ரயிலும் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விட்டன. நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பூஜை விடுமுறைக்குப் பஸ்ஸில் வராதீர்கள். மதுரையிலிருந்து ரயிலிலேயே வாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இல்லாமலிருந்து 2023-இல் போடிக்குத் திரும்பிய வண்டி அது. மறுநாள் போடிமெட்டு வழியாக மூணாறு போவோம். மூணாறு ஸ்டேஷன் இருந்த கட்டடம் இப்போது தேயிலை நிறுவன அலுவலகம். வெளியில் நின்று பார்க்கலாம். அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். முதலில் அதை அவனுக்குக் காட்டிவிட்டு டாப் ஸ்டேஷனுக்குப் போவோம். அவன் கேள்விக்கு அங்கே வைத்து நானே பதில் சொல்கிறேன்.

மேலே குளிரும். அவனுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா